சுவர் தாண்டி முட்டையிட்ட கோழி

இந்தக் கோழியைக் கெடுத்தவன் அவன்தான் சார். எந்தக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டாலும் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணுவேன். நல்லாயிருந்த கோழி. மனுசன் பேச்சுக்குக் கட்டுப்பட்ட கோழி. இப்போது பாருங்க, கூடைக்குள்ளே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிழவி மாதிரி உட்கார்ந்திருக்கிறதை. மூன்று நாளாக ஒரு மணி இரை எடுக்கவில்லை. இதற்கு ஒருத்தன் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல வைக்காமல் நான் விடப்போவதில்லை.

உங்கள் நாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க. கடிக்காதுதான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அது கடிக்காது என்று கோழிக்குத் தெரியாதே. காதில் சீழா? பாவம். டாக்டர் யாரோ வீட்டுப் பசுவுக்குக் கன்று மாட்டிக்கொண்டது என்று போயிருக்கிறார். வர நேரமாகும். அதுவரை கேளுங்க.

என் பேர் ஒச்சப்பன். உசிலம்பட்டியில் 'வண்டி ஒச்சப்பன்' என்று கேட்டால் பச்சைப்பிள்ளையும் கை காட்டும். பழைய டூவீலர் கைமாற்றி விடுகிற புரோக்கர். வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு நான் பத்தடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருப்பேன். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இது கீழே விழுந்த வண்டி, இது வாத்தியார் ஓட்டிய வண்டி, இது தண்ணிக்குடம் கட்டி இழுத்த வண்டி. ஒருத்தர் என்னை ஏமாற்ற முடியாது. பத்து வயதில் ஒர்க்‌ஷாப்பில் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவ வந்தவன் சார் நான். தப்பான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தால் சரியான ஸ்பேனரால் அடிப்பார் முதலாளி. அப்படிப் படித்த படிப்பு. அங்கே படித்ததில் பெரிய பாடம் ஒன்றே ஒன்று: பேரத்தில் முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். முப்பது வருசமாக நான் தோற்றதில்லை.

சரி, கோழிக்கு வருகிறேன்.

இதன் பேர் மிச்சர். சிரிக்காதீங்க. கறுப்பு, செவலை, சாம்பல், மஞ்சள் எல்லாம் கலந்து கொட்டினது மாதிரி இருக்கிறதில்லையா, அதனால் அந்தப் பேர். வைத்தது நானில்லை. அப்போது வீட்டில் இருந்த ஒருத்தி வைத்தது. பருந்து தூக்கிப் போட்டுவிட்டுப் போன குஞ்சை மடியில் போட்டு வளர்த்தாள். மகள்தான். யோகலட்சுமி. அவள் பேச்சு இப்போது வேண்டாம். கோழியைப் பற்றித்தானே பேசுகிறோம்.

அவன் யார் என்று சொல்ல வேண்டும் இல்லையா. மில்லில் எலக்ட்ரீஷியன். என்னிடம் வண்டி வாங்க வந்தவன். வீட்டு வாசலில் வைத்து வண்டியைக் காட்டினேன், விலை சொன்னேன். 'சரிங்க' என்றான். அவ்வளவுதான் சார்! சக்கரத்தை உதைத்துப் பார்க்கவில்லை, டயர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை, 'கொஞ்சம் பார்த்துச் செய்ங்கண்ணே' என்று ஒரு வார்த்தை இல்லை. சொன்ன விலைக்குச் சரி என்கிறவனை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அவன் மேல் பரிதாபப்பட்டு கிளட்ச் பிளேட் புதுசாகப் போட்டு, செயின் இழுத்துக் கட்டி, கண்ணாடிகூட மாற்றிக் கொடுத்தேன். அந்த வண்டியில்தான் என் மகளை ஏற்றிக்கொண்டு போனான். கிளட்ச் வழுக்காமல் போயிருக்கும். என் கை வேலை.

தாலியைக் கட்டி, மாலையும் கழுத்துமாக வாசலுக்கு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். 'போ. அப்படியே போயிரு' என்று கத்தினேன். போய்விட்டாள். அழக்கூட இல்லை. என் பிள்ளைதானே, அழுத்தம் அப்படி. இது நடந்து ஒன்றரை வருசம். அதற்குப் பிறகு நான் அவளை நினைத்ததே இல்லை சார். என் வேலை உண்டு, நான் உண்டு.

கோழியை அறுத்துப் போடு என்றுதான் என் பெண்டாட்டி தவமணியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றாள், பிரதோசம் என்றாள், அமாவாசை போகட்டும் என்றாள். நாள் ஓடிப்போச்சு. இந்தக் கழுதை என்ன பண்ணும் என்றால், நான் சாயங்காலம் வண்டியை நிறுத்தினதும் ஓடிவந்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சூடு அதற்குப் பிடிக்கும் போல. நானும் வண்டி பேரம் நடக்கிற ஸ்டாண்டிலிருந்து வரும்போது பக்கோடாத் தூள் கொஞ்சம் தாளில் மடித்து எடுத்து வருவேன். கையிலிருந்தே கொத்தித் தின்னும். அவ்வளவுதான் பழக்கம். கோழி மேல் எனக்கென்ன பாசம்?

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இதன் போக்கு மாறியது. முதலில் முட்டை நின்றது. காலையில் பத்து மணி ஆனால் ஆளைக் காணோம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். சாயங்காலம் வரும், சீட்டில் ஏறாது. பக்கோடாத் தூளைப் போட்டால் ஒரு கொத்து, மரியாதைக்கு. வயிறு நிறைந்தவன் கல்யாண வீட்டில் உட்கார்ந்த மாதிரி.

ஏதோ நோய் என்று நினைத்தேன். நமக்குத் தெரிந்த வழியில் பார்த்தேன். வண்டி ஓடவில்லை என்றால் முதலில் பெட்ரோல் இறங்குகிறதா பார்க்க வேண்டும். இரைப்பையைத் தொட்டுப் பார்த்தேன், நிறைய இருந்தது. இரண்டாவது புகை. எச்சத்தைப் பார்த்தேன், வெள்ளைக் கழிச்சல் இல்லை, நல்ல கெட்டி. மூன்றாவது சத்தம். காதில் வைத்துக் கேட்டேன், நெஞ்சில் கரகரப்பு இல்லை. கொண்டை மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. காய்ச்சல் என்று முடிவு பண்ணினேன். வெங்காயம், பூண்டு, மிளகு மூன்றையும் தட்டி உருண்டை பிடித்து வாயைப் பிளந்து திணித்தேன். நான்கு நாள் திணித்தேன். முட்டையிடுகிற கோழிக்குத்தான் கொண்டை அப்படிச் சிவக்கும் என்று அப்புறம் ஒருத்தன் சொன்னான். எனக்கெங்கே தெரியும்? எனக்கு எஞ்சின் தெரியும், கோழி தெரியாது. தெரிந்தவள் பக்கத்திலேயே நின்றாள். பூண்டு உரித்துக் கொடுத்தாள்!

'ஏத்தா, கோழி முட்டை இடுதா இல்லையா' என்று தவமணியைக் கேட்டேன்.

'நிறுத்திருச்சு' என்றாள்.

'ஏன் நிறுத்துச்சு?'

'அதுக்கு என்ன மனவருத்தமோ.'

கோழிக்கு மனவருத்தம்! நானும் நம்பினேன் சார்.

ஒருநாள் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. போகிற மாதிரி கிளம்பி, வண்டியை மாவுமில்லில் போட்டுவிட்டு நடந்து திரும்பி வந்தேன். பத்து மணி. கோழி கொல்லைப்பக்கம் போனது. பின்சுவரில் ஏறி நின்றது. எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு தெரு. நந்தவனத் தெரு. எங்கள் வாசல் பேரையூர் ரோட்டுப் பக்கம், நந்தவனத் தெரு வழியாக நான் போகிறதே இல்லை. கோழி சுவர் மேல் நின்று கழுத்தை ஒருக்களித்துக் காது கொடுத்தது. அப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

'மிச்சரூ... ஓடியா ஓடியா ஓடியா.'

கடைசியில் அந்த 'ரூ'வை இழுப்பது ஒருத்திதான். அந்தக் குரல் எனக்கு ஏற்கனவே இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறது சார், ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். கோழிக்குத் தெரிந்திருக்கிறது, டிவி இல்லை என்று.

சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம் உண்டு. அதில் கண்ணை வைத்தேன். கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். வயிறு இவ்வளவு. அவளால் குனிய முடியவில்லை, கீரைத் தட்டை வயிற்று மேலேயே வைத்திருக்கிறாள். கோழி நேரே போய்ப் பக்கத்தில் ஒரு பழைய கூடையில் ஏறிச் சுற்றிச் சுற்றி மிதித்து உட்கார்ந்தது, சொந்த வீடு மாதிரி. கூடைக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி. ஓரம் நசுங்கின வாளி. அதை நசுக்கினதே நான்தான், ஒரு தீபாவளிக்குக் கோபத்தில் எறிந்து.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கோழியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்து தவமணியைக் கேட்டேன்.

'நம்ம வாளி எங்க?'

'எந்த வாளி?'

'ஓரத்துல நசுங்கின வாளி.'

'ஊர்ல நசுங்குன வாளிக்கா பஞ்சம்?'

'தவமணீ!'

கரண்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். இருபத்தஞ்சு வருசத்தில் என்னை அப்படி அவள் பார்த்ததில்லை.

'ஆமா, நாந்தேன் குடுத்துவிட்டேன். எம்மகளுக்கு நான் குடுத்தேன். இப்ப என்னாங்கற?'

'எத்தனை நாளா நடக்குது?'

'அவுக இங்கன குடிவந்து மூணு மாசமாச்சு. வீடு பாத்து விட்டதே நாந்தேன். வாயும் வயிறுமா இருக்க புள்ள, கூப்பிடு தூரத்துல இருக்கட்டும்னு.'

'கோழி முட்டைய நிறுத்திருச்சுன்னு சொன்னியேடி!'

'நம்ம வீட்ல நிறுத்திருச்சுன்னேன். பொய்யா சொன்னேன்?'

பாருங்க சார். என்னிடம் சாமர்த்தியம்!

'மொதல்ல நாந்தேன் முட்டைய எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். பெறகு அதுவே அவ குரலக் கேட்டு சுவரத் தாண்டிப் போயி அங்கனயே இட்டுட்டு வந்துருது. எனக்கு நடை மிச்சம்.'

'அப்ப ஏன்டி பூண்டு உரிச்சுக் குடுத்த?'

'நீ என்னைக்கு அதத் தொட்டுப் பாத்த? ஏதோ வைத்தியம் பாக்குறியே, பாத்துட்டுப் போன்னு விட்டேன்.'

மாவுமில்காரருக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். ரேசன் கடையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்களே, அது எனக்குப் பயந்து என்று பெருமையாக நினைத்திருந்தேன். தெருவில் தெரியாத ஆள் இரண்டு பேர்தான், நானும் என் வண்டியும்.

அன்றைக்கே கோழி மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தேன். என் வீட்டுத் தவிட்டைத் தின்று அவன் வீட்டில் முட்டையா? அந்தப் பக்கம் பத்து மணிக்குக் குரல் கேட்கும். இது பஞ்சாரத்துக்குள் சுற்றும், முட்டும், மண்ணைப் பறிக்கும். ஐந்தாம் நாள் குரல் வரவில்லை. தெரிந்துகொண்டாள் போல. அன்றிலிருந்து இதுவும் சுற்றுவதை நிறுத்தியது. பஞ்சாரத்தைத் திறந்துவிட்டேன். நேரே என் சாமான் மூலைக்குப் போய், பழைய கார்ப்ரேட்டர் இரண்டு கிடந்தது, அது மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நெஞ்சு இறகைப் பிய்த்துப் போட்டது. பக்கத்தில் போனால் சிலிர்த்துக்கொண்டு 'க்கொர்ர்' என்றது. என்னிடம்! பக்கோடாத் தூள் வாங்கித் தின்ற வாய்.

'அடை விழுந்துருச்சு' என்றாள் தவமணி. 'முட்டை இல்லாம இரும்புல உக்காந்து கெடக்கு பாரு. பாவம்யா, அங்கன விட்டுரு. அவ முட்டை சேத்து வச்சிருக்கா.'

அவள் சொல்லி நான் விடுவேனா? ஸ்டாண்டில் கேட்டேன். அடை தெளிய வைக்க நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. தண்ணீரில் மூன்று முக்கு முக்கி, அதன் இறகையே ஒன்று பிடுங்கி, மூக்குத் துளையில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வருகிற மாதிரி செருகிவிடுவார்கள். அந்த உறுத்தலில் அடையை மறந்துவிடும் என்பார்கள். தவமணி கையைப் பிடித்தாள். உதறினேன். நானே முக்கினேன், நானே பிடுங்கினேன், நானே செருகினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. ஒரே சொட்டு. கோழி கத்தவில்லை சார். கத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. என்னையே பார்த்தது.

அதற்கும் அவன்தான் காரணம். அவன் ஒழுங்காக இருந்திருந்தால் நான் ஏன் இறகைப் பிடுங்கப் போகிறேன்?

கையை விட்டதும் ஈரத்தோடு, மூக்கில் இறகோடு ஒரே பறப்பு. சுவர் தாண்டிவிட்டது. அடை தெளியவில்லை, வீடுதான் மறந்தது.

கொண்டுவந்து விடுவார்கள் என்று இருந்தேன். இது என் வீட்டுக் கோழி என்று அவர்களுக்குத் தெரியாதா? ஒருநாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். ஒன்பது நாள். நானும் கேட்கவில்லை. முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான் இல்லையா? ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் நந்தவனத் தெருவுக்குப் போனேன். சுவரை ஏறிக் குதித்தால் பத்தடி. சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மைல். நடந்தேன்.

வாசலில் அந்த வண்டி நின்றது. நன்றாகத்தான் வைத்திருக்கிறான், பொய் சொல்லக் கூடாது. கதவைத் தட்டினேன். அவன்தான் திறந்தான்.

'வாங்க மாமா' என்றான்.

'மாமாவும் மண்ணாங்கட்டியும். கோழியக் குடு.'

'அடையில இருக்கு மாமா. பதினோரு முட்டை வச்சிருக்கு. இன்னும் பன்னெண்டு நாள்ல பொரிச்சிரும். குஞ்சோட நானே கொண்டாந்து விடுறேன்.'

'எனக்கு இப்பவே வேணும்.'

இப்போது கேளுங்க சார், நன்றாகக் கேளுங்க. அந்த இடத்தில் மனுசனாகப் பிறந்தவன் என்ன சொல்ல வேண்டும்? 'பன்னிரண்டு நாள் பொறுங்க மாமா' என்று மறுபடி சொல்ல வேண்டும். நான் 'ஒரு நாள்கூட முடியாது' என்பேன். அவன் 'பத்து நாள்' என்பான். நான் குதிப்பேன், செருப்பைக் கழற்றுவேன், தெருவைக் கூட்டுவேன். அவன் 'சரி, உள்ளே வந்து ஒரு வாய்த் தண்ணி குடிங்க, பேசிக்கலாம்' என்பான். நான் உள்ளே போக மாட்டேன் என்பேன். அவன் கையைப் பிடித்து இழுப்பான். எத்தனை வழி இருக்கிறது! அடையில் இருக்கிற கோழியை நகர்த்தக் கூடாது என்று எனக்கே தெரியும். பொறுத்திருப்பேனே. அவன் என்ன செய்தான் தெரியுமா?

'சரி மாமா' என்றான்.

உள்ளே போனான். கோழியை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். மூக்கில் இறகு இல்லை. மஞ்சள் பூசியிருந்தது. யாரைக் கேட்டு எடுத்தான் அந்த இறகை? யாரைக் கேட்டு மஞ்சள் பூசினான்?

அப்போது அவள் வந்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தது. முகம் வெளுத்து, அவள் அம்மாவுக்கு இவள் வயிற்றில் இருந்தபோது இருந்த மாதிரியே. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கிட்ட வந்து இதன் கொண்டையைத் தடவினாள்.

'போயிட்டு வா மிச்சரு' என்றாள்.

கோழிக்குச் சொன்னாள் சார். எனக்கில்லை. 'போ' என்று சொல்லவில்லை பாருங்க. 'போயிட்டு வா' என்றாள். யார் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு அந்த மரியாதை எல்லாம்? என்னிடம் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முக்கால் மைலும் நடந்து வந்தேன். இதன் நெஞ்சு சூடு என் சட்டையைத் தாண்டிச் சுட்டது. பதினோரு முட்டையும் ஆறிப்போயிருக்கும். ஆறட்டும். அவன் கொடுத்தான், நான் வாங்கினேன். கொடுத்தவனைக் கேளுங்க.

வீட்டுக்கு வந்தால் தவமணி கட்டைப்பையோடு நிற்கிறாள். பைக்குள் இரண்டு சேலை, தைலப் புட்டி, அவள் தலையணை.

'எங்க கெளம்பிட்ட?'

கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'சோறு வடிச்சு வச்சிருக்கேன். ஒரு நேரத்துக்குத்தேன் வரும்' என்றாள். போய்விட்டாள். சுவர் பக்கம் இல்லை, வாசல் வழியாக, தெரு பார்க்க, முக்கால் மைல் சுற்றி.

மூன்று நாளாக நானும் இதுவும்தான். இது சாமான் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. குருணை போட்டேன். கம்பு போட்டேன். பக்கோடாவே முழுசாகப் போட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று மை ஊற்றுகிற பில்லரில் தண்ணீர் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். அதை மட்டும் விழுங்கியது. என்னிடம் கோபம் இருந்தால் விழுங்குமா? விழுங்காது. அப்படியென்றால் இதற்கு என் மேல் கோபமில்லை, அவன் செய்த வேலைதான்.

வீட்டில் சத்தமே இல்லை சார். நான் சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன். இந்த வீட்டுக்கு என்ன கோளாறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோழிக்கு ஊசி ஏதாவது போடுவார் டாக்டர் என்று கொண்டுவந்தேன். நோய் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார், தெரியும். கம்பவுண்டர் ஏற்கனவே கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, 'அடைக்கோழியத் தூக்கிட்டு வந்தியாக்கும்' என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

உங்களிடம் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன் என்று பார்க்கிறீங்களா? அங்கே மூன்று பெஞ்சு காலியாகக் கிடக்கிறது, நாய்க்குப் பக்கத்தில் கோழியைக் கொண்டுவந்து வைக்க எனக்கென்ன பைத்தியமா? நீங்கள் சீட்டு எழுதும்போது விலாசம் சொன்னீர்களே, நந்தவனத் தெரு, தண்ணித்தொட்டிக்கு எதிர் வீடு என்று. காதில் விழுந்தது. அவர்கள் வீடு தொட்டிக்கு இந்தப் பக்கம். தினம் அவன் முகத்தில் விழிக்கிறவர்தானே நீங்கள்? முப்பது வருசத் தொழில் சார். பார்ட்டி யாரென்று தெரியாமல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஒன்றும் பயப்படாதீங்க. ஒரு சேதிதான்.

தவமணி காலண்டரில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். சிலிண்டர் புக் பண்ணுகிற தேதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முந்தாநாள் மாவுமில்லுக்குப் பக்கத்தில் பால்காரர் சொல்லித்தான் அது அவளுடைய பிரசவத் தேதி என்று தெரிந்தது. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தலைப்பிரசவம் சார். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். அது நான் போட்ட சட்டமில்லை, ஊர் வழக்கம். வாடகை வீட்டில், தெரியாத அறையில், வீங்கின காலோடு எதற்குக் கிடக்க வேண்டும்? என் வீட்டில் அவள் அறை அப்படியேதான் இருக்கிறது. சாமான் மூலையைக்கூட நேற்று ஒழித்துவிட்டேன். கோழிக்கு இடம் பத்தவில்லை என்று.

நான் போய்க் கூப்பிடவா? முடியாது. என் வாயில் வராது. வரவழைத்துப் பார்த்தேன், காலையில் சுவர் பக்கம் நின்று. 'மிச்சரூ' என்றுதான் வந்தது. கோழி என் கையில் இருக்கும்போதே.

ஆகவே அவன் வரட்டும். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனான், பெண்டாட்டியை இழுத்துக்கொண்டான், கோழியைக் கெடுத்தான். கெடுத்தவன்தானே சரிபண்ண வேண்டும்? வந்து என் வாசலில் நிற்கட்டும். 'பிள்ளையைப் பிரசவத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்க' என்று கேட்கட்டும். நான் முடியாது என்பேன். கட்டாயம் சொல்வேன் சார், அது என்னிடம் மாறாது. அவன் உடனே 'சரி மாமா' என்று சொல்லித் திரும்பினான் என்றால் எனக்குக் கொலைவெறி வந்துவிடும்! நிற்கச் சொல்லுங்க. 'பத்து நாளைக்காவது' என்று கேட்கச் சொல்லுங்க. நான் ஒரு நாள்கூட முடியாது என்பேன். அவன் அஞ்சு நாள் என்று இறங்கிவிடக் கூடாது, மூணு மாசம் என்று ஏற வேண்டும். நான் கத்தினால் அவன் என்னைவிடச் சத்தமாகக் கத்த வேண்டும். எதிரே ஒருத்தன் ஏறினால்தான் சார் நான் இறங்க முடியும். தானாக இறங்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டாக்டர் வந்துவிட்டார் போல. 'ஒச்சப்பன், கோழி' என்று கூப்பிடுகிறான் பாருங்க, என்னமோ அது என் இனிசியல் மாதிரி. வர்றேன்யா, இரு!

நான் அனுப்பினதாகச் சொல்லாதீங்க. யாரோ சொன்னதாகச் சொல்லுங்க. இன்றைக்கே சொல்லுங்க, ஒன்பது நாள்தான் இருக்கிறது. நான் இந்த வாரம் முழுக்க ஸ்டாண்டுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். வாசல் கதவைச் சாத்த மாட்டேன். அந்தாளை நாளைக் காலையில் வரச் சொல்லுங்க சார். வந்து, நான் முடியாது முடியாது என்று சொல்லச் சொல்ல, விடாமல் நின்று என்னோடு சண்டை போடச் சொல்லுங்க.